சத்தம் நின்றால்

போன மாதம் அந்த மலையூருக்குப் போய் வந்தேன். பக்கத்து வீட்டுப் பெண்ணின் சம்பந்தி வீடு அங்கே இருக்கிறது. துணைக்கு வாங்க என்று கூப்பிட்டாள். எனக்குப் போக வேண்டும் என்றும் இருந்தது, வேண்டாம் என்றும் இருந்தது. இப்போது பாலோ டவுனிலிருந்து பஸ் போகிறது. ஆற்றுப் பாலத்தைத் தாண்டி வண்டி வளைவில் ஏறியபோது என்னை அறியாமல் காது கொடுத்துக் கேட்டேன். ஒன்றும் இல்லை. எங்கோ ஓடைத் தண்ணீர் விழும் சத்தம் மட்டும்.

"என்ன அமைதியான ஊர் பாருங்க" என்றாள் அவள்.

ஒரு காலத்தில் அந்த ஊரில் அமைதி என்றால், ஓடிப்போய் ஒளிந்துகொள் என்று அர்த்தம். அப்படி ஓர் அர்த்தத்தை உண்டாக்கி வைத்தவரைப் பற்றித்தான் எழுத நினைக்கிறேன்.

அவருடைய பெயர் எனக்குத் தெரியாது. என்ஜின்காரம்மா என்பார்கள். நான் அக்கா என்று கூப்பிட்டேன். எனக்கு அப்போது கல்யாணமாகி ஒரு வருடம்கூட ஆகவில்லை. அவருக்கு நாற்பதைத் தாண்டியிருக்கும். ஒடிசலான உடம்பு. நெற்றி அகலம். அந்த உடம்புக்குள்ளிருந்து அத்தனை பெரிய குரல் எப்படி வருகிறது என்று முதல் முறை கேட்கிற யாருக்கும் தோன்றும். அதட்டினால் எதிர்மலையில் மோதித் திரும்பி வரும். சாதாரணமாகப் பேசுவதே அதட்டல்தான். "உப்பு இருக்கா" என்று கேட்டால்கூட யாரையோ அடிக்கப் போகிறார் போல இருக்கும்.

அது பிறவிக் குரல் இல்லை. ஈயச் சுரங்கம் ஓடிய நாளில் அவருடைய வீட்டுக்காரர் அங்கே என்ஜின் பார்த்தார். மலையைக் குடைந்து போட்ட சுரங்கத்தில் எந்நேரமும் தண்ணீர் ஊறும். அதை இறைத்துக் கொட்ட ஒரு பெரிய என்ஜின். இவர்களுடைய வீடு என்ஜின் கொட்டகையை ஒட்டியே இருந்தது. இரவும் பகலும் அந்த இரைச்சலுக்குள் சமைத்து, சாப்பிட்டு, சண்டை போட்டு, தூங்கி, அதற்கு மேலே பேசிப் பேசிக் குரல் அப்படி ஆகிவிட்டது. காதும் பாதிக்கு மேல் மந்தம். ஜப்பான்காரன் சண்டை வந்ததும் வெள்ளைக்காரத் துரை என்ஜினை உடைத்துப் போட்டுவிட்டு சிங்கப்பூர்ப் பக்கம் போய்விட்டாராம். சுரங்கத்தில் தண்ணீர் ஏறியது. கடைக்காரர்கள் பலகைக் கதவுகளைச் சாத்திவிட்டு இறங்கிப் போனார்கள். நான் பார்த்தபோது அது ஊரே இல்லை. இரண்டு வரிசைக் காலிக் கடைகள், ஈயம் தோண்டிய பள்ளத்தில் தண்ணீர் தேங்கிய ஓர் ஈயக்குட்டை, துருப்பிடித்த இரும்பு. இத்தனைக்கும் நடுவில் அந்த ஒற்றைக் குரல்.

நாங்கள் வேலை செய்த ரப்பர் தோட்டம் பாலோவுக்குப் பக்கத்தில். சயாமில் ரயில் பாதை போட ஜப்பான்காரர்கள் ஆள் பிடித்துக்கொண்டிருந்தார்கள். போனவர்களில் ஒருவர்கூடத் திரும்பியதில்லை. வேலைக்குப் பெயர் கொடுக்கக் காலைப் பிரட்டில் நிற்கிறவர்களை அப்படியே லாரியில் ஏற்றினார்கள். என் வீட்டுக்காரரிடம் கங்காணி, அடுத்த லாரி உங்கள் லயத்து வீடுகளுக்குத்தான் என்று காதில் சொல்லிவிட்டுப் போனார். யாரிடமும் சொல்லிக்கொள்ளாமல் விடிகாலையில் இருவரும் கிளம்பினோம். மலையூரில் ஒரு அம்மா இருக்கிறார், அவரிடம் போனால் வழி பிறக்கும் என்று கங்காணிதான் சொல்லியிருந்தார்.

வெயில் சாய்கிற நேரத்தில் போய்ச் சேர்ந்தோம். எங்களைப் பார்த்ததுமே அவர் படிக்கட்டில் நின்றபடி கத்த ஆரம்பித்தார்.

"கிழங்கு வாங்க வந்தீங்களா? கிழங்கெல்லாம் இல்ல லா. போங்க, போங்க. வந்துட்டாங்க கூடையத் தூக்கிக்கிட்டு."

எங்களிடம் கூடையே இல்லை. என் வீட்டுக்காரருக்கு முகம் செத்துவிட்டது. வா போகலாம் என்று திரும்பினார். எனக்கு யார் முகத்தையும் நேராகப் பார்த்துப் பழக்கமில்லை. சின்ன வயதிலிருந்தே கைகளைத்தான் பார்ப்பேன். அந்த அம்மாவின் வாய் போங்க என்று விரட்டிக்கொண்டிருந்தபோது, அவருடைய வலது கை இடுப்புக்குக் கீழே, சீக்கிரம் உள்ளே வா, சீக்கிரம் வா என்று அழைத்துக்கொண்டிருந்தது. நான் என் வீட்டுக்காரரின் சட்டையைப் பிடித்து நிறுத்தினேன்.

அதன் பிறகு எத்தனையோ முறை அங்கே போய் வந்தேன். அவருடைய வாய் சொன்னதை நம்பினால் ஒன்றுமே புரியாது. சேதி எல்லாம் கையில்தான்.

சுரங்கத்துக்குள் ஏற்கெனவே ஒருவர் ஒளிந்திருந்தார். ஆ கியோங் என்று பெயர். அதே சுரங்கத்தில் வேலை செய்தவர். சீனர்களை ஜப்பான்காரன் எப்படிக் கொன்று குவித்தான் என்று எல்லாருக்கும் தெரியும். அவர் மலாயும் தமிழும் கலந்து பேசுவார். தமிழில் அவருக்குத் தெரிந்ததில் முக்கால்வாசி என்ஜின்காரம்மாவிடம் கற்ற திட்டுகள். என் வீட்டுக்காரரையும் அவரிடம் ஒப்படைத்துவிட்டு நான் தோட்டத்துக்குத் திரும்பினேன். கட்டியவன் எங்கே என்று கேட்டவர்களுக்கு, சண்டை போட்டுக்கொண்டு ஓடிவிட்டார் என்றேன். நான் சொன்னால் யாரும் மறுபடி கேட்க மாட்டார்கள். என்னைப் பேச வைப்பது அவ்வளவு சிரமம்.

அவ்வப்போது கிழங்கு வாங்கும் சாக்கில் மலைக்கு வருவேன். கொஞ்சம் உப்பும் தேங்காயெண்ணெயும் கொண்டுபோவேன். இரவு அந்த அம்மாவின் வீட்டில் படுத்து மறுநாள் இறங்குவேன்.

முதல் இரண்டு தடவையும் எனக்கு அவரிடம் கோபம்தான். உயிருக்குப் பயந்து இரண்டு பேர் ஒளிந்திருக்கிற இடத்தில் இப்படிப் பொழுதெல்லாம் கத்துகிறாரே என்று வயிறு எரிந்தது. ஊர் உலகமே அப்போது குசுகுசுவென்று பேசிக்கொண்டிருந்தது. லயத்தில் அடுப்பில் விறகு உடைகிற சத்தத்துக்குக்கூடப் பயந்தோம். இவரோ கோழியைத் திட்டுகிறார், மழையைத் திட்டுகிறார், வேகாத கிழங்கைத் திட்டுகிறார். "ஏ கழுதக் கோழிகளா, எங்கடி போய்த் தொலஞ்சீங்க, வயித்துக்குப் போட்டதெல்லாம் வீணு" என்று தொடங்கினால் பாட்டு மாதிரி போய்க்கொண்டே இருக்கும். பாலத்துக் காவலில் இருந்த ஜப்பான்காரனுக்கும் அது கேட்கும். வார்த்தை விளங்காது, இரைச்சல் மட்டும் போய்ச் சேரும்.

ஆ கியோங்தான் விளக்கினார். சுரங்கத்துக்குள் வேலை செய்கிறவனுக்கு என்ஜின் சத்தம் காதில் இருந்துகொண்டே இருக்குமாம். அது இருக்கும்வரை அதை யாரும் கவனிப்பதில்லை. நின்றுவிட்டால் அடுத்த மூச்சுக்குள் எல்லாரும் கையில் இருப்பதைப் போட்டுவிட்டு வெளியே ஓடுவார்கள். என்ஜின் நின்றால் தண்ணீர் ஏறும். யாரும் மணி அடிக்க வேண்டாம், கூப்பிட வேண்டாம்.

"இப்ப அவங்கதான் என்ஜின்" என்றார். "சத்தம் இருக்கா, நாங்க வாசல் பக்கம் காத்தாட உக்காருவோம். சத்தம் நின்னா உள்ள ஓடுவோம். முன்ன வெளிய ஓடினோம், இப்ப உள்ள. அவ்வளவுதான்."

அவருடைய வீட்டுப் படிக்கட்டிலிருந்து பார்த்தால் பாலமும் மலைப்பாதையின் வளைவும் தெரியும். காது மந்தமானதால் அவர் கண்ணாலேயே வாழ்ந்தார். கை வேலை செய்யும், வாய் கத்தும், கண் மட்டும் வளைவை விட்டு நகராது. யாராவது வருவதைப் பார்த்துக் கூச்சல் போட்டு எச்சரித்தால் வருகிறவனுக்கும் கேட்குமே. நிறுத்திவிட்டால் யாருக்கும் ஒன்றும் தெரியாது. ஒரு பெண் வாயை மூடிக்கொண்டதை எவன் சந்தேகப்படுவான்?

உள்ளே ஓடுவது என்றால் சும்மா இல்லை. சுரங்கம் வாசலிலிருந்து கொஞ்சத் தூரம் நேராகப் போய், பிறகு பள்ளமாக இறங்கும். அந்தப் பள்ளத்தில் எப்போதும் மார்பளவு தண்ணீர். அதைக் கடந்தால் மறுபடி மேடேறி ஒரு காய்ந்த பொந்து. அதற்கு மேல் வழியில்லை. வெளிச்சம் காட்டிப் பார்க்கிறவனுக்குத் தண்ணீரோடு சுரங்கம் முடிந்துவிட்டது போலத்தான் தெரியும். நல்ல இடம்தான், ஆனால் பெருமழை பெய்தால் பள்ளம் கூரைவரை நிறைந்துவிடும், பிறகு உள்ளே இருக்கிறவன் உள்ளேயே என்று ஆ கியோங் சாதாரணமாகச் சொன்னார். அன்று இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. என் வீட்டுக்காரருக்கு நீச்சல் தெரியாது.

ஒரு மதியம் என்ஜின்காரம்மா கருவாட்டோடு கஞ்சி குடித்துக்கொண்டிருந்தார். குடிக்கும்போதும் இடையிடையே கோழிகளை அதட்டுவார். திடீரென்று முள் தொண்டையில் சிக்கிவிட்டது. கண் பிதுங்கி, முகம் கறுத்து, கையை ஆட்டுகிறார். நான் கிழங்கை உருட்டிக் கொடுத்தேன், முதுகில் அடித்தேன். முள் இறங்கிக் குரல் வருவதற்கு வெகு நேரம் ஆனது. அவர் வாய் திறந்ததும் முதலில் திட்டியது கருவாட்டை. பிறகு நாங்கள் இருவரும் சுரங்கத்து வாசலுக்கு ஓடினோம். ஆண்கள் இருவரும் நனைந்து நடுங்கியபடி உள்ளேயிருந்து வந்தார்கள். ஜப்பான்காரன் எத்தனை பேர் வந்தான் என்று கேட்டார் என் வீட்டுக்காரர்.

"ஒரு முள்ளு வந்துச்சு" என்றார் அவர்.

ஆ கியோங் தரையில் உட்கார்ந்து சிரித்தார். நானும் சிரித்தேன். அந்த அம்மா சிரிக்கவில்லை. தன் தொண்டையையே தடவிக்கொண்டு நின்றார். அதற்குப் பிறகு அவர் கருவாட்டைத் தொட்டு நான் பார்க்கவில்லை.

என்னை அவருக்குப் பிடிக்குமா என்பதே எனக்கு ரொம்ப நாள் தெரியவில்லை. நான் எது சொன்னாலும் பதில் ஒன்றுதான்: "கேக்கல." இரண்டாம் தடவை சொன்னாலும் "கேக்கல." மூன்றாம் தடவை எனக்குச் சொல்லவே தோன்றாது. "வயித்துக்குள்ளயே பேசி வயித்துக்குள்ளயே முழுங்குற. உன்னைக் கட்டினவன் பாவம்லா, நீ சோறு திங்கக் கூப்புட்டாக்கூட அவனுக்குத் தெரியாது" என்பார். எனக்கு அழுகை வரும். அவர் தட்டில் பாதிக் கிழங்கை எடுத்து என் தட்டில் வைப்பார். வாய் திட்டும்போது கை அதைச் செய்யும்.

ஒருநாள் முட்டை மாற்றிக்கொள்ளப் பாலம்வரை போக வேண்டியிருந்தது. அவர் இறங்கிப் போகிற நாளில் ஆண்கள் காலையிலேயே பள்ளத்தைத் தாண்டிப் போய்விடுவார்கள். என்னையும் கூட்டிக்கொண்டார். காவல்காரனைக் கடக்கும்போது நின்று குனிந்து வணங்க வேண்டும். தவறினால் அறை. எனக்கு முன்னால் ஒரு மலாய்க்காரப் பெரியவர் சைக்கிளை விட்டு இறங்கத் தாமதித்ததற்காக வெயிலில் கல்லைத் தூக்கிப் பிடித்தபடி நின்றுகொண்டிருந்தார். நான் குனிந்தவள் நிமிரவே இல்லை. இவரோ இடுப்பு ஒடிகிற மாதிரி குனிந்து, மலையே கேட்கும்படி வணக்கம் சொன்னார். காவல்காரன் காதைப் பொத்திக்கொண்டு சிரித்தான். இன்னொருவனைக் கூப்பிட்டு, மறுபடி சொல்லச் சொன்னான். மறுபடி சொன்னார். அவர்களுக்கு இவர் ஒரு பைத்தியக்காரி, நல்ல வேடிக்கை.

வளைவு திரும்பியதும் அவர் முட்டைக் கூடையை என்னிடம் கொடுத்தார். கை கிடுகிடுவென்று ஆடியது. முட்டை உடைந்துவிடும் என்று பயந்து கொடுத்திருக்கிறார். வாய் மட்டும் நிற்கவில்லை. வெயிலைத் திட்டிக்கொண்டே ஏறினார்.

அவருடைய வீட்டுக்காரர் எங்கே என்று நான் கேட்டதில்லை. சுவரில் ஒரு காக்கிச் சட்டை தொங்கும், எண்ணெய்க் கறையோடு. துவைப்பதும் இல்லை, எடுப்பதும் இல்லை. ஒரு சாயங்காலம் கோழிகளைக் கூண்டில் அடைத்துக்கொண்டிருந்தோம். அவர் ஒரு சிவப்புக் கோழியை மடியில் வைத்து அதனிடம் பேச ஆரம்பித்தார். என் பக்கம் திரும்பவே இல்லை. வழக்கமான அதே அதட்டல் குரல்.

"ஏ கோழி, உனக்குத் தெரியுமா? அவர பிடிக்க வந்தப்ப அவரு இங்க இல்ல. மேல காட்டுக்குள்ள போயிட்டாரு. தப்பிச்சிட்டாரு. அவனுங்க என்னை அடிச்சானுங்க. நான் கத்தினேன். என் சத்தம் உனக்குத் தெரியும்ல? காடு முழுக்க கேட்டுச்சு. அவருக்கும் கேட்டுச்சு. என்னமோ ஏதோன்னு ஓடி வந்தாரு. அப்புறம் என்ன, லாரியில ஏத்திக்கிட்டுப் போனானுங்க. சயாமுக்கு."

கோழி கையிலிருந்து திமிறியது. அதைக் கூண்டுக்குள் தள்ளிக் கதவைச் சாத்தினார். "போடி" என்றார். பிறகு என்னைப் பார்த்து, அடுப்பில் தண்ணீர் வைத்தாயா இல்லையா என்று ஒரு கத்தல்.

நான் வைத்துவிட்டேன் என்றேன்.

"கேக்கல."

மழைக்காலம் வந்தது. அந்த முறை நான் மலைக்குப் போனபோது வழியெல்லாம் அட்டை. இரவு முழுக்கத் தூறிக்கொண்டிருந்தது. காலையில் கொஞ்சம் வெளுத்தது. நான் படியில் உட்கார்ந்து கிழங்குக்குத் தோல் சீவினேன். அவர் பக்கத்தில் நின்று கோழிகளுக்குத் தீனி போட்டுக்கொண்டு, அவற்றின் வம்சத்தையே இழுத்துத் திட்டிக்கொண்டிருந்தார். நடு வார்த்தையில் நிறுத்திவிட்டார்.

நான் நிமிர்ந்தேன். வளைவில் மூன்று ஜப்பான்காரர்களும் ஒரு தமிழாளும் ஏறி வந்துகொண்டிருந்தார்கள். அந்தத் தமிழாளை எனக்குத் தெரியும். முன்பு பக்கத்துத் தோட்டத்தில் கணக்கு எழுதும் கிராணியிடம் எடுபிடியாக இருந்தவன். இப்போது அவர்களுக்கு மொழி சொல்கிறான். லயங்களில் புகுந்து பெண்டாட்டிகளைப் பிடித்து, காட்டோரம் நிறுத்திப் புருஷனை அழுது கூப்பிடச் சொல்வது அவன் கண்டுபிடித்த வழி. அப்படி இரண்டு பேர் வெளியே வந்து மாட்டியிருந்தார்கள். அதை நான் சுரங்கத்தில் சொல்லியும் இருந்தேன். என்ஜின்காரம்மாவின் சத்தத்தைத் தவிர எதை நம்பியும் வெளியே வருவதில்லை என்று ஆண்கள் அப்போதே முடிவு செய்துகொண்டார்கள்.

அவன் முற்றத்தில் வந்து நின்று எங்கள் இருவரையும் பார்த்தான்.

"என்னம்மா, உன் சத்தம் பாலம் வரைக்கும் கேட்டுச்சு. எங்களப் பாத்ததும் வாயில கொழுக்கட்டையா?"

அவர் குனிந்து வணங்கினார். தொண்டையைத் தொட்டுக் காட்டிக் கையை விரித்தார்.

"இப்பதான கத்தின? யாருக்கு கத்தின?"

அவர் கோழிகளைக் காட்டினார்.

"சரி, கோழியவே கூப்புடு. நாங்க கேக்குறோம்."

அவர் பேசவில்லை. அவன் ஜப்பான்காரனிடம் ஏதோ சொன்னான். ஜப்பான்காரன் நிதானமாக முன்னால் வந்து அவர் கன்னத்தில் அறைந்தான். தலை ஒரு பக்கம் போய்த் திரும்பி வந்தது. சத்தம் இல்லை. "பக்கேரோ" என்று அவன் மொழியில் திட்டிக்கொண்டு இன்னொன்று. சத்தம் இல்லை.

"கத்துறவதான, கத்து" என்றான் தமிழாள். அவனுக்குக் காரணம் தெரியாது. பேசச் சொன்னால் பேசாத திமிர் என்றுதான் நினைத்திருப்பான். ஆனால் அந்த நேரத்தில் அவர் ஒரு தடவை ஐயோ என்றிருந்தாலும் போதும். மலைக்குள் இருக்கிற இரண்டு பேரும், சரி, போய்விட்டார்கள் என்று நினைத்துத் தண்ணீரைக் கடந்து வெளியே வந்திருப்பார்கள். வாசலில் துப்பாக்கியோடு நிற்கிறவர்களுக்கு முன்னால்.

நான் சேலைத் தலைப்பை வாய்க்குள் திணித்துக்கொண்டேன். கிழங்கையே பார்த்தேன். பிறகு அவருடைய கைகளைப் பார்த்தேன். இரண்டு கைகளும் பக்கவாட்டில் இறுக மூடியிருந்தன. ஜப்பான்காரன் துப்பாக்கிக் கட்டையைத் திருப்பிப் பிடித்துத் தாடையில் குத்தினான். எலும்பு உடைகிற சத்தம் எனக்குக் கேட்டது. அவர் மண்டியிட்டு விழுந்தார். வாயிலிருந்து இரத்தமும் ஒரு பல்லும் வந்தன. குரல் வரவில்லை.

மலையையே கிழிக்கிற அந்தக் குரலை அவர் எந்த இடத்தில் பிடித்து நிறுத்திவைத்தார் என்று இன்றுவரை எனக்குத் தெரியவில்லை.

தமிழாள் என்னிடம் வந்தான். நீ யார் என்றான். உறவு, கிழங்கு வாங்க வந்தேன் என்றேன். என் குரல் எனக்கே கேட்கவில்லை. அவன் முகத்தைச் சுளித்துவிட்டு நகர்ந்தான். காலிக் கடைகளில் கதவுகளை உதைத்துப் பார்த்தார்கள். சுரங்கத்துப் பக்கம் போனார்கள். அதற்குள் மழை பிடித்துக்கொண்டது. சாதாரண மழை இல்லை. கொட்டியது. அவர்கள் வாசலில் விளக்கடித்துப் பார்த்து, தண்ணீரைக் கண்டு திரும்பினார்கள். பிறகு போகவில்லை. மழை விடட்டும் என்று கடைத் தாழ்வாரத்தில் உட்கார்ந்து சிகரெட் பிடித்தார்கள். எங்கள் முற்றத்தில் தண்ணீர் ஓடையாக ஓடியது. ஓடுவதெல்லாம் சுரங்கத்துப் பக்கம்தான் ஓடியது. நான் அதையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

கடைசியில் மழை நிற்பதாக இல்லை என்று எழுந்தார்கள். கோழிகளைப் பிடித்துக் கால்களைக் கட்டித் தூக்கிக்கொண்டு இறங்கினார்கள். சிவப்புக் கோழியும் போனது. வளைவைத் தாண்டி, பாலத்தைத் தாண்டி அவர்கள் மறையும்வரை அந்த அம்மா என் கையைப் பிடித்து அழுத்திக்கொண்டிருந்தார். மறைந்ததும் விட்டார். வாயைத் திறந்தார். கொழகொழவென்று ஒரு காற்றுதான் வந்தது. மறுபடி முயன்றார். தாடை ஒரு பக்கம் தொங்கியது. இரத்தம் கழுத்தில் வழிந்தது. என்னைப் பார்த்தார். கை சுரங்கத்தைக் காட்டியது.

ஓடினேன். வழுக்கி விழுந்து எழுந்து ஓடினேன். வாசலுக்குள் நுழைந்து பள்ளம்வரை போனேன். தண்ணீர் மார்பளவைத் தாண்டிவிட்டிருந்தது. கூரைக்கும் தண்ணீருக்கும் நடுவே ஒரு முழம்தான் இருட்டு தெரிந்தது. "ஏங்க" என்று கூப்பிட்டேன். "ஏங்க, வாங்க. அவங்க போயிட்டாங்க. தண்ணி ஏறுது, வாங்க." பதில் இல்லை. அழுகை வந்துவிட்டது. அழுதுகொண்டே, கும்பிடுகிறேன் வாங்க என்று கெஞ்சினேன்.

கெஞ்சும்போதே எனக்கு உறைத்தது. புருஷனைப் பெயர் சொல்லாமல், அழுது, வாங்க வாங்க என்று கெஞ்சுகிற பெண் குரல். துப்பாக்கி முனையில் நிற்கிறவள் அப்படித்தான் கூப்பிடுவாள். நானே அவர்களிடம் சொல்லி வைத்திருக்கிறேன். உள்ளே இரண்டு பேரும் என் குரலைக் கேட்டு இன்னும் பின்னால்தான் நகர்ந்திருப்பார்கள்.

கண்ணைத் துடைத்தேன். சேலையை இடுப்பில் செருகினேன். வயிற்றிலிருந்து எதையோ பிடுங்கி எடுக்கிற மாதிரி இருந்தது.

"ஏ கழுதக் கோழிகளா, எங்கடி போய்த் தொலஞ்சீங்க" என்று கத்தினேன். முதல் தடவை குரல் உடைந்தது. மறுபடி கத்தினேன். "உங்க வயித்துக்குப் போட்டதெல்லாம் வீணு. மழையில நின்னு நான் கூவணும், நீங்க சொகுசா பொந்துக்குள்ள உக்காந்திருப்பீங்களா? நாசமாப் போன கோழிங்க, தின்னு கொழுத்த கோழிங்க." முற்றத்தில் ஒரு கோழியும் இல்லை. இல்லாத கோழிகளை, மழையை, வேகாத கிழங்கை, கருவாட்டு முள்ளை, எல்லாவற்றையும் திட்டினேன். அவர் சொன்னதெல்லாம் எனக்கு மனப்பாடமாக இருந்தது எனக்கே அப்போதுதான் தெரிந்தது. சுரங்கச் சுவர் என் குரலை வாங்கிப் பெரிதாக்கி உள்ளே அனுப்பியது. பயந்து கத்துகிறவளால் இப்படித் திட்ட முடியாது என்று அவர்களுக்குப் படட்டும், படட்டும் என்று திட்டினேன்.

தண்ணீர் அசைந்தது. முதலில் ஆ கியோங்கின் தலை வெளியே வந்தது. மூக்கு கூரையில் உரச, ஒரு கையால் என் வீட்டுக்காரரின் தலைமுடியைப் பிடித்து இழுத்துக்கொண்டு வந்தார். என் வீட்டுக்காரர் கரையில் கவிழ்ந்து கிடந்து தண்ணீரைக் கக்கினார். மூச்சு வந்ததும் நிமிர்ந்து எனக்குப் பின்னால் பார்த்தார். கத்தியது யார் என்று தேடியிருக்கிறார். வேறு யாரும் இல்லை என்று தெரிந்ததும் என்னைப் பார்த்தார். அதற்குப் பிறகு எத்தனையோ வருடம் சேர்ந்து வாழ்ந்தோம். அப்படி ஒரு பார்வை அவர் மறுபடி என்னைப் பார்த்ததில்லை.

மூவரும் வீட்டுக்குத் திரும்பினோம். அந்த அம்மா படிக்கட்டிலேயே உட்கார்ந்திருந்தார், மழையில். கண் வளைவின் மேல். தாடை வீங்கி முகம் வேறு யாருடையதோ போல இருந்தது. நான் பக்கத்தில் உட்கார்ந்து முந்தானையால் இரத்தத்தைத் துடைத்தேன். வந்துவிட்டார்கள் அக்கா, இரண்டு பேரும் வந்துவிட்டார்கள் என்று சொல்ல வாயெடுத்தேன். கத்திக் கத்தித் தொண்டை கட்டிப் போயிருந்தது. குரலே எழும்பவில்லை.

அவர் என் உதட்டைப் பார்த்தார். பிறகு தன் தாடையை ஒரு கையால் தாங்கிப் பிடித்துக்கொண்டு, அந்தக் காற்றுக் குரலில் ஒரே ஒரு வார்த்தை சொன்னார். அவர் அவ்வளவு மெதுவாகப் பேசி நான் கேட்டது அந்த ஒரு தடவைதான்.

"கேட்டுச்சு."